புதிதாக வந்தவர் சபைக் குடும்பத்தில் ஒருவராகும் வரை: முழுமையான வழிகாட்டி

இயேசு கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்றை நிறைவேற்றும் வேலை சபையின் கையில் இருக்கிறது. மாற்கு 10-ஆம் அதிகாரத்தில், தமக்காகவும் நற்செய்திக்காகவும் வீட்டையும் உற்றாரையும் விட்டவர்கள் இம்மையிலேயே நூறு மடங்காக வீடுகளையும் சகோதரரையும் சகோதரிகளையும் தாய்மாரையும் பிள்ளைகளையும் பெறுவார்கள் என்று அவர் சொல்கிறார் (29, 30 வசனங்கள்). மறுமைக்குரிய நித்திய ஜீவனை அதற்குப் பிறகுதான் தனியாகக் குறிப்பிடுகிறார். அப்படியானால் அந்தத் தாய்மாரும் சகோதரரும் இந்த உலகத்தில், இந்த ஆயுளில் கிடைக்க வேண்டியவர்கள். ஞாயிற்றுக்கிழமை நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைத் தவிர வேறு யார் அவர்களாக இருக்க முடியும்? பவுலுக்கு அப்படி ஒரு தாய் கிடைத்திருக்கிறாள். ரோமர் 16:13-இல் ரூபு என்பவரின் தாயைத் தனக்கும் தாய் என்று சொல்லி வாழ்த்துகிறார். அவள் பவுலுக்கு என்ன செய்தாள் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஊர் ஊராக அலைந்த ஒரு மனிதனுக்கு ஒரு தாய் என்னவெல்லாம் செய்திருப்பாள் என்பதை நாம் ஊகிக்கலாம்.

பல சபைகளில் வரவேற்பு வாசலோடு முடிந்துவிடுகிறது. கைகுலுக்குகிறார்கள், பாட்டுப் புத்தகம் கொடுக்கிறார்கள், மேடையிலிருந்து நல்வரவு சொல்கிறார்கள். வந்தவர் சில வாரங்கள் தொடர்ந்து வருகிறார். எல்லோரும் அன்பாகப் புன்னகைக்கிறார்கள். பிறகு அவர் வருவதில்லை. வராததை யாரும் கவனிப்பதும் இல்லை. இந்த வழிகாட்டி போதகர்களுக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. ஒரு புதியவரைக் குடும்பத்தில் சேர்க்கும் வேலையில் பெரும்பகுதியைச் சாதாரண சபை மக்களால் மட்டுமே செய்ய முடியும்.

முதல் படி: வெளியாளின் கண்ணால் பாருங்கள்

நீண்ட காலமாக ஒரு சபையில் இருப்பவர்களுக்கு அங்குள்ள தடைகள் தெரியாது. ஆகவே சபைக்குச் சம்பந்தமில்லாத, உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரை ஒரு ஞாயிறு அழைத்து வாருங்கள். அவர் எங்கெல்லாம் தயங்கி நிற்கிறார் என்று கவனியுங்கள். எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும்? கழிப்பறை எங்கே? பிள்ளைகளை யாரிடம் விடுவது? எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும்? சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழி உண்டா, அப்படி வந்தால் வரிசையின் நடுவில் இடம் உண்டா, அல்லது நடைபாதையின் ஓரத்தில்தானா?

அறிவிப்புகளைக் கேட்டுப் பாருங்கள். "பெண்கள் ஐக்கியம் வழக்கமான இடத்தில் வழக்கமான நேரத்தில் நடைபெறும்" என்ற ஒரு வரி போதும், புதிதாக வந்த பெண் தனக்கு அங்கே இடமில்லை என்று முடிவு செய்வதற்கு. இடத்தையும் நேரத்தையும் யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் ஒவ்வொரு முறையும் முழுமையாகச் சொல்லுங்கள். பழையவர்களுக்கு அது சலிப்பாக இருக்கலாம். அந்தச் சலிப்பை அவர்கள் தாங்கிக்கொள்ளட்டும்.

இரண்டாம் படி: ஆராதனை முடிந்த முதல் பத்து நிமிடம்

வாசலில் நிற்பவர் புன்னகைப்பது அவருக்குத் தரப்பட்ட பொறுப்பு, அது வந்தவருக்கும் தெரியும். ஆராதனை முடிந்ததும் யாரும் பணிக்காத ஒருவர் தாமாக வந்து பேசுகிறாரா என்பதைத்தான் அவர் பார்க்கிறார். இறுதி ஆசீர்வாதம் முடிந்தவுடன் நாம் எல்லோரும் நம் நண்பர்களைத் தேடிப் போகிறோம். புதியவர் பையை எடுத்துக்கொண்டு, யாராவது பேசுவார்களா என்று கொஞ்சம் மெதுவாகவே வாசலை நோக்கி நடக்கிறார். ஆகவே சபையில் ஒரு சிலராவது ஓர் ஒழுங்கை ஏற்றுக்கொள்ளலாம்: முதல் பத்து நிமிடம் அறிமுகமில்லாதவர்களுக்கு, அதன் பிறகு நண்பர்களுக்கு.

என்ன பேசுவது? முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். "உங்களை முன்பு பார்த்த நினைவில்லை, நான் இன்னார்" என்பது நல்ல தொடக்கம். "புதிதாக வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், அவர் ஆறு மாதமாக வருபவராக இருந்து மனம் புண்படக்கூடும். எப்படி இங்கே வந்தார் என்று கேட்கலாம். பிள்ளை உடன் இருந்தால் பிள்ளையிடமும் இரண்டு வார்த்தை பேசலாம். கேட்கக் கூடாத கேள்விகளும் உண்டு. திருமணமாகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள், என்ன வேலை, எந்தக் குடும்பம் என்பவை அன்பாகக் கேட்கப்பட்டாலும், விவாகரத்தானவருக்கும் பிள்ளையில்லாதவருக்கும் வேலை இழந்தவருக்கும் விசாரணையாகவே கேட்கும். மேலும் இவை மனிதரை எடைபோடும் கேள்விகள். யாக்கோபு தம் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் கடிந்துகொண்ட காரியம் இதுவே. பொன்மோதிரமும் மினுக்குள்ள ஆடையும் அணிந்தவனுக்கு நல்ல இடம் கொடுத்து, கந்தையணிந்த ஏழையை நிற்கச் சொல்லும் சபை, தகாத எண்ணங்களோடு தீர்ப்பிடுகிறது என்கிறார் அவர். மோதிரம் இன்று வேறு உருவங்களில் வருகிறது: பதவியாக, படிப்பாக, பிறந்த குலமாக, பேசும் மொழியாக.

புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லி அறிமுகப்படுத்தும் வழக்கம் உங்கள் சபையில் இருந்தால் அதைக் கைவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. சிலருக்கு அது பிடிக்கும். ஆனால் துக்கத்தோடு, குற்ற உணர்வோடு, அல்லது யாருக்கும் தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் போகலாம் என்று வந்தவருக்கு அது பெரிய சோதனை. அந்தக் கடைசி வரிசையும் அவருக்குத் தேவை. மறைந்திருக்க அனுமதிப்பதும் வரவேற்பின் ஒரு பகுதியே.

திருவிருந்து நடக்கும் ஞாயிறுகளில் ஒரு காரியம் மறக்கக் கூடாது. யார் பங்குபெறலாம் என்பதில் திருச்சபைகளுக்கிடையே வேறுபாடு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பீடத்தருகே வந்து முழங்காலிட்ட பிறகு ஒருவருக்குத் தெரியவரக் கூடாது. முன்கூட்டியே தெளிவாக, மரியாதையாகச் சொல்லுங்கள். பங்குபெறாதவர் முன்னே வந்து ஆசி மட்டும் பெற்றுக்கொள்ளும் வழக்கம் உங்கள் சபையில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: அந்த வாரத்தில்

பெயரை எழுதி வையுங்கள். இது சிறிய காரியமல்ல. அடுத்த ஞாயிறு பெயர் சொல்லி அழைக்கப்படுபவர், தன்னை யாரோ நினைத்திருக்கிறார்கள் என்று அறிகிறார். தொலைபேசி எண்ணை எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லி, அவர் விரும்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் அழைத்தால் போதும். ஐந்து பேர் அழைப்பதும், கேட்காமல் குழுக்களில் சேர்ப்பதும், சொல்லாமல் வீட்டுக் கதவைத் தட்டுவதும் அவரைத் துரத்திவிடும்.

நான்காம் படி: உங்கள் வீட்டு மேசைக்கு அழையுங்கள், பிறகு அவருடைய மேசைக்குப் போங்கள்

ஆதிச் சபையார் வீடுகள்தோறும் அப்பம் பிட்டு மகிழ்ச்சியோடு உணவருந்தினார்கள் என்று அப்போஸ்தலர் 2:46 சொல்கிறது. அதே மேசையில் சபை எப்படிப் பிளவுபடும் என்பதையும் புதிய ஏற்பாடு மறைக்கவில்லை. கொரிந்துவில் சிலர் முந்திக்கொண்டு உண்டு வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்பட்டு நின்றார்கள். பவுல் அதை நாகரிகக் குறைவு என்று விட்டுவிடவில்லை. தேவனுடைய சபையை அசட்டை செய்கிறீர்களா என்று கேட்டார் (1 கொரிந்தியர் 11). அந்தியோகியாவில் பேதுருவே தடுமாறினார். யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து உண்டவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லோருக்கும் முன்பாக அவரை எதிர்த்து நின்றார் (கலாத்தியர் 2). யாரோடு உட்கார்ந்து உண்கிறோம் என்பது நற்செய்தியின் உண்மையையே தொடும் கேள்வி என்று அவர் கண்டார்.

வீட்டுக்கு அழைப்பதற்கு வீடு ஒழுங்காக இருக்க வேண்டியதில்லை. விருந்து சமைக்க வேண்டியதுமில்லை. அன்றைக்கு உங்களுக்கு என்ன உணவோ அதில் ஒரு பங்கு போதும். சிறப்பாக உபசரிக்கப்பட்டவர் தன்னை விருந்தாளியாக உணர்வார். வீட்டில் இருப்பதை உங்களோடு பகிர்ந்தவர் தன்னை வீட்டாரில் ஒருவராக உணர்வார்.

இதன் மறுபாதியைத்தான் சபைகள் பெரும்பாலும் தவறவிடுகின்றன. எப்போதும் நாமே கொடுப்பவர்களாகவும் அவர் எப்போதும் பெறுபவராகவும் இருந்தால், அவர் கடைசிவரை வெளியாளே. இயேசு சகேயுவை எங்கும் விருந்துக்கு அழைக்கவில்லை. இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று தாமே விருந்தாளியாகப் போனார். சமாரியப் பெண்ணிடம் அவர் பேசிய முதல் வார்த்தை, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டது. பிலிப்பி பட்டணத்தில் லீதியாள் ஞானஸ்நானம் பெற்றவுடன், தன் வீட்டில் வந்து தங்கும்படி பவுலையும் உடனிருந்தவர்களையும் வற்புறுத்தினாள். அவர்கள் மறுக்கவில்லை. அந்தச் சபையிலேயே புதியவள் அந்தச் சபைக்கு வீடு கொடுத்தாள். ஆகவே புதியவர் உங்களைத் தம் வீட்டுக்கு அழைத்தால், அது ஒற்றை அறையாக இருந்தாலும், தட்டாமல் போங்கள். அவர் தருவதை உண்ணுங்கள். உங்களுக்காக ஜெபிக்கும்படி அவரிடம் கேளுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு பர்னபாவை ஏற்படுத்துங்கள்

சபையைத் துன்புறுத்திவந்த சவுல் (பின்னாளில் பவுல்) மனம் திரும்பி எருசலேமுக்கு வந்தபோது அவர் சீடர் என்பதை யாரும் நம்பவில்லை, எல்லோரும் பயந்தார்கள். பர்னபா அவரை அழைத்துக்கொண்டு போய் அப்போஸ்தலரிடம் சேர்த்து, நடந்ததை எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 9:27). ஒருவர் தம் நற்பெயரை இன்னொருவருக்காக ஈடு வைத்தார் என்பதே அங்கே நடந்தது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுகிறவர்களை அழைத்து வந்தவர்கள் அவர்களுக்காகச் சாட்சி சொல்ல வேண்டும் என்று பண்டைத் திருச்சபை கேட்டதும் இதே காரணத்துக்காகவே. அப்போஸ்தல மரபு என்று அழைக்கப்படும் பழைய திருச்சபை ஒழுங்கு நூல், அந்த ஆயத்தத்துக்கு மூன்று ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. ஆனால் ஒருவர் ஆர்வத்தோடு நிலைத்திருந்தால் காலத்தைவிட நடத்தையையே பார்க்க வேண்டும் என்றும் சேர்க்கிறது.

நம் சபைகளில் இதைச் செய்வது கடினமல்ல. தொடர்ந்து வரத் தொடங்கிய ஒவ்வொருவருக்கும் ஓராண்டு துணையிருக்க ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துணைவர் போதிக்க வேண்டியதில்லை. கூட்டங்களுக்கு முதல்முறை கூட வர வேண்டும். சபையின் எழுதப்படாத வழக்கங்களைச் சொல்லித்தர வேண்டும். ஒத்த வயதுடையவர்களிடமும் ஒத்த துக்கத்தைக் கடந்து வந்தவர்களிடமும் அறிமுகப்படுத்த வேண்டும். முக்கியமாக, ஓராண்டுக்குள் புதியவருக்குத் தம்மைத் தவிர இன்னும் சிலராவது நெருக்கமாகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே மனிதரைச் சார்ந்த உறவு, அந்த மனிதர் இடம் மாறினால் அறுந்துவிடும். போதகரை இந்தத் துணைவராக வைக்காதீர்கள். அவரை மட்டும் அறிந்தவர், அவர் மாற்றலானதும் சபையை இழந்துவிடுவார்.

ஆறாம் படி: பொறுப்பு கொடுங்கள்

எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உதவியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் அதை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அவர்களில் நிக்கொலா யூதராகப் பிறந்தவரே அல்ல, அந்தியோகியாவிலிருந்து யூத மதத்துக்கு வந்தவர் (அப்போஸ்தலர் 6). குறை சொன்னவர்களின் தரப்பிலிருந்தே, பெரும்பாலும், பொறுப்பாளர்களை எடுத்திருக்கிறார்கள். இன்றைய சபைக் குழுக்களின் பட்டியலை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே சில குடும்பங்களின் பெயர்கள் பல ஆண்டுகளாகத் தொடர்ந்தால், வாசலில் எவ்வளவு வரவேற்றாலும் பயனில்லை.

சிறிய வேலையிலிருந்து ஆரம்பிக்கலாம்: நாற்காலி அடுக்குவது, வேதபாடம் வாசிப்பது, நோயாளியைப் பார்க்கப் போகும்போது உடன் வருவது. சேர்ந்து வேலை செய்பவர்களிடையே பேச்சு எளிதாக வரும். ஆர்வமுள்ளவர் கிடைத்தாரென்று எல்லாப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டுவதும் கேடுதான். அவர் ஓராண்டில் களைத்து விலகுவார்.

ஒரு எல்லையை மட்டும் தளர்த்தக் கூடாது. பிள்ளைகளோடும் பலவீனரோடும் பழகும் ஊழியத்தில் யாரையும், புதியவரோ பழையவரோ, தனியாக விடாதீர்கள். எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்கட்டும். முன் விசாரணை நடக்கட்டும். வரவேற்கும் சபை என்ற பெயருக்காக இதில் கண்ணை மூடிக்கொண்டால், பிள்ளைகளுக்கு அந்தச் சபை பாதுகாப்பான வீடல்ல.

ஏழாம் படி: குடும்பம் என்ற சொல் யாரை வெளியே நிறுத்துகிறது?

சபை தன்னைக் குடும்பம் என்று அழைக்கும்போது, பெரும்பாலும் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற வடிவத்தையே மனத்தில் வைத்திருக்கிறது. நிகழ்ச்சிகளும் பிரசங்க உதாரணங்களும் அதற்கேற்பவே அமைகின்றன. திருமணமாகாதவரிடம் "எப்போது?" என்று கேட்கிறோம், பிள்ளையில்லாதவர்களுக்காக அவர்கள் கேட்காமலே பலர் முன்னிலையில் ஜெபிக்கிறோம். தாய்மார் எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்று மேடையிலிருந்து சொல்லும்போது, உட்கார்ந்திருக்கும் பெண்களின் முகத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம். இயேசு திருமணம் செய்துகொள்ளவில்லை. தேவனுடைய சித்தத்தின்படி செய்கிறவனே எனக்குச் சகோதரனும் சகோதரியும் தாயுமாயிருக்கிறான் என்றார் (மாற்கு 3:35). சபையின் குடும்பக் கணக்கு அந்த வசனத்திலிருந்து தொடங்க வேண்டும். தனியாக இருப்பவரை அவரைப் போன்ற தனியர்களின் குழுவில் மட்டும் சேர்த்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். உங்கள் பிள்ளைகளோடு பழக விடுங்கள். பண்டிகை நாட்களில் அவருக்குப் போக ஒரு வீடு இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

துக்கத்தில் இருப்பவர்களுக்குத் தேவைப்படுவது பொறுமை. முதல் மாதத்தில் எல்லோரும் வருகிறார்கள். ஆறாவது மாதத்தில் யாரும் வருவதில்லை. இழப்பின் நாளைக் குறித்துவைத்து, ஓராண்டு நிறையும்போது ஒருவராவது போய் அருகில் உட்காருங்கள். வசனம் சொல்லித் துக்கத்தை முடிக்கப் பார்க்காதீர்கள்.

சந்தேகத்தோடு வருபவர்களும் உண்டு. அவர்களுடைய கேள்விக்கு உடனே பதில் தேடிக் கொடுப்பதைவிட, கேள்வியை முழுவதும் கேட்டு முடிப்பது முக்கியம். அப்பொல்லோ அரைகுறையாக அறிந்திருந்ததைப் பிரசங்கித்தபோது, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஜெப ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் அவரை மறுத்துப் பேசவில்லை. தங்களிடம் சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள்.

பல ஆண்டு கழித்துத் திரும்பி வருபவர்களிடம் "இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி என்பது போதும்.

தண்டனை அனுபவித்து வந்தவரை, ஊரறிந்த தவறு செய்தவரை ஏற்பது எப்படி? பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தில் பவுல், ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் தன்னை ஏற்பதுபோல ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் தன் கணக்கில் வைக்கச் சொல்கிறார். கடன் இல்லை என்று அவர் மறைக்கவில்லை. தவறை மறைக்காமலும் மனிதரைத் தள்ளாமலும் நடக்க இந்தக் கடிதம் நல்ல மாதிரி. ஆனால் பாதிக்கப்பட்டவர் அதே சபையில் இருந்தால், அவருடைய பாதுகாப்பே முதலில் வர வேண்டும்.

எட்டாம் படி: வராதவர்களை விசாரியுங்கள்

கி.பி. 155 வாக்கில் யுஸ்தீன் என்ற ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஞாயிறு ஆராதனையை விவரிக்கும்போது, வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர்கள் திருவிருந்தைக் கொண்டுபோனதைக் குறிப்பிடுகிறார். சேர்ந்த காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்பவர்களுக்கும் அந்நியராக வந்து தங்கியவர்களுக்கும் சென்றது என்கிறார். வராதவரும் அந்த ஆராதனையின் பகுதியாகவே எண்ணப்பட்டார்.

இரண்டு ஞாயிறு தொடர்ந்து ஒருவரைக் காணவில்லையென்றால் மூன்றாவதுக்கு முன் ஒருவர் அழைக்க வேண்டும். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் வருகைப் பதிவேடு எடுப்பதுபோல இருக்கும். "உங்களைக் காணவில்லை, நலமாக இருக்கிறீர்களா?" என்பது வேறு. மனம் புண்பட்டு விலகியிருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். யாரையும் காப்பாற்றிப் பேசாதீர்கள். வேறு சபைக்குப் போவதென்று முடிவு செய்திருந்தால் ஜெபித்து அனுப்புங்கள், நட்பைத் தொடருங்கள்.

பழையவர்களின் மனத்தையும் பார்க்க வேண்டும்

புதியவர்கள் வரும்போது பழையவர்களில் சிலருக்கு உள்ளூர ஒரு பயம் வரும்: தங்கள் இருக்கை, தங்கள் பாடல், தங்கள் பேச்சுக்கு இருந்த மதிப்பு போய்விடுமோ என்று. இதைக் கேலி செய்யக் கூடாது. அவர்களுடைய உழைப்பால்தான் புதியவர் நுழைய ஒரு சபை இருக்கிறது. போய் அவர்களிடம் பேசுங்கள். சபையின் வரலாற்றைப் புதியவர்களுக்குச் சொல்ல அவர்களையே கேளுங்கள். ஆனால் மூன்றாம் யோவான் நிருபத்தில் வரும் தியோத்திரேப்பைப்போல, முதன்மையை விரும்பி, வருகிறவர்களை ஏற்காமலும் ஏற்பவர்களைத் தடுத்தும் நிற்பவர் இருந்தால், மூப்பர்கள் அவரிடம் நேரடியாகப் பேச வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் விலை கொடுப்பவர்கள் புதியவர்களே.

நீங்களே புதியவரென்றால்

ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாமல் கொஞ்சம் நில்லுங்கள். பெரிய கூட்டத்தைவிட வீட்டு ஜெபக்குழுவில் நெருக்கம் விரைவாக வரும், ஒன்றில் சேருங்கள். ஓர் உதவி கேளுங்கள், ஓர் உதவி செய்யுங்கள். சில மாதங்களாவது கொடுங்கள். அதே சமயம் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். உங்கள் குடும்பத்தையும் பழைய நண்பர்களையும் விடச் சொல்லும் சபை, கணக்குக் காட்டாமல் பணம் கேட்கும் சபை, கேள்வி கேட்டால் கலகம் என்னும் சபை, முதல் நாளிலேயே அளவில்லாத பாசத்தைப் பொழிந்து பிறகு அதைக் காட்டியே கட்டுப்படுத்தும் சபை ஆகியவற்றிலிருந்து விலகிவிடுங்கள். அதற்காகக் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டியது

மூப்பர்களும் குழுத் தலைவர்களும் கூடி, கடந்த ஓராண்டில் சபைக்கு வரத் தொடங்கிய எல்லோருடைய பெயர்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று காரியங்களைக் குறியுங்கள்: சபையில் யாருடைய வீட்டில் அவர் உணவருந்தியிருக்கிறார், யார் அவருடைய வீட்டுக்குப் போயிருக்கிறார், நள்ளிரவில் உடல்நலம் கெட்டால் சபையில் யாரை அழைப்பார். மூன்றாவது இடத்தில் போதகரின் பெயரை எழுதாதீர்கள். எந்தெந்தப் பெயருக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறதோ, அந்த வாரமே அவரைப் பார்க்க யார் போவது என்று முடிவு செய்த பிறகு கூட்டத்தை ஜெபத்தோடு முடியுங்கள்.